மேட்டூர் மாவும் ஒரே அளவு மணிகளும்

பேருந்து இருக்கையில் போர்த்தியிருக்கும் ரெக்சினைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதற்கான மூலப்பொருள்களில் ஒன்று நம் சேலம் மாவட்டத்து மேட்டூரில் தயாராகிறது. அங்கே 1967 முதல் பி.வி.சி. தயாரித்துவரும் கெம்பிளாஸ்ட் ஆலையின் பேஸ்ட் பி.வி.சி.தான் அது. பார்வைக்கு வெறும் மாவு. அதன் அடிப்படைத் துகளோ ஏறக்குறைய ஒரு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! எமல்ஷன் பாலிமரைசேஷனும் அதையொட்டிய முறைகளுமே இத்தகைய துகள்களைத் தருகின்றன.

இதே எமல்ஷன் முறையில், ஒன்றுபோல் ஒன்றாக உருண்டை மணிகளையும் செய்யலாம். தண்ணீரில் சோப்பைக் கரைத்தால் அதன் மூலக்கூறுகள் சிறு கொத்துகளாகத் திரளும். அதில் ஸ்டைரீன் என்ற திரவத்தைச் சேர்த்துக் கலக்கி, சூடேற்றி, பொட்டாசியம் பெர்சல்பேட்டைப் போட்டால் வினை தொடங்கும். கொத்துகளுக்குள் கரு பிடித்து, ஸ்டைரீனை உறிஞ்சி, பாலிஸ்டைரீன் மணிகளாக வளரும்.

அளவு எப்படி ஒன்றாகிறது? நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை ஒரே கொட்டகையில் விட்டால் வளர்ச்சியும் சீராக இருக்கும். நடுவில் புதுக் குஞ்சுகளை விட்டால் பெரிதும் சிறிதுமாகிவிடும். அதேபோல எல்லாக் கருக்களும் தொடக்கத்திலேயே சட்டென்று உருவாகிவிட வேண்டும். பிறகு புதுக் கரு தோன்றாதபடி சோப்பின் அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

இந்த மணிகளால் என்ன பயன்? 1956-இல் அமெரிக்காவில் சிங்கர், பிளாட்ஸ் என்ற இருவர் முடக்குவாதத்தைக் கண்டறிய இவற்றைப் பயன்படுத்தினார்கள். புரதம் பூசிய மணிகளோடு நோயாளியின் ரத்தச் சீரத்தைக் கலப்பார்கள். தேடும் பொருள் அதில் இருந்தால் மணிகள் திரிதிரியாகத் திரளும். ஆர்.ஏ. டெஸ்ட் என்ற பெயரில் இது இன்றும் புழக்கத்தில் உள்ளது.

மணி பெரிதானால் சிக்கலும் பெரிது. புவியீர்ப்பால் மிதக்கும், படியும்; வேகமாகக் கலக்கினால் ஒட்டிக்கொள்ளும். அதனால் 1983-இல் சேலஞ்சர் விண்கலத்தில் வைத்து 10 மைக்ரான் மணிகளைச் செய்தார்கள். 1985-இல் நுண்ணளவுகளைச் சரிபார்க்கும் அளவுகோலாக அவை விற்பனைக்கு வந்தன. விண்வெளியில் தயாராகி விற்பனைக்கு வந்த முதல் பொருள் அதுதான். நார்வே அறிவியலாளர் உகெல்ஸ்டாடோ, விண்வெளிக்குப் போகாமலே, மணியை முன்கூட்டி ஊதவைத்துப் பெரிதாக்கும் வழியைக் கண்டார்.

ஆனால் ரெக்சினுக்கான பசைக்கு ஒரே அளவு உகந்ததல்ல. பெரிய துகள்களின் இடைவெளியைச் சிறியவை நிரப்பினால்தான் பசை இளகி, துணிமேல் சீராகப் பரவும். எந்த அளவு நல்லது என்பதைப் பயன்பாடே தீர்மானிக்கிறது. வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, வாய்ப்புக் கிடைத்தால் இத்தகைய ஆலைகளை நேரில் பார்த்து வாருங்கள். பாடம் இன்னும் தெளிவாகும்.