விட்டம் ஒன்று வேண்டும்

கடைசியில் மதில்மேல் என் பழைய மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மதிலைவிட்டு இறங்க வேண்டாம் தம்பிகளா. ஏறுகிறவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இலக்கிய மன்றக் கூட்டத்தில் ஒரு பி.டி. வாத்தியாருக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். நியாயம்தான். முப்பத்தோரு வருஷம் விசில் ஊதிய வாய் இது. எதுகை மோனை வராது. அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே ‘உடலும் உள்ளமும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். மன்றத்தார் மன்னிக்க வேண்டும். அந்தத் தலைப்பை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் பேசப்போவது கிட்டங்கியைப் பற்றி.

எந்தக் கிட்டங்கி என்று யாரும் கேட்க மாட்டீர்கள். முதலில் பருத்தி மூடை, பிறகு வௌவால், கடந்த ஒன்பது வருஷமாக நம் பிள்ளைகள். அந்த ஓட்டுக் கட்டடம்தான். உள்ளே வந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பலகை அடித்திருக்கிறோம். அந்தப் பலகையில் கைக்கும் காலுக்கும் பிடி. வாகை மரத்தில் ஆசாரி செதுக்கிக் கொடுத்த பிடிகள், ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒன்றைப் பிள்ளைகள் ‘பணியாரம்’ என்பார்கள், ஒன்றுக்கு ‘மாமியார்’ என்று பெயர், கை வைத்தால் வழுக்கும். நடுவில் மல்லர்கம்பம். மேலே தேக்கு விட்டம். பொறியாளர் ஒருவரைக் கூட்டி வந்து, பாரம் தாங்கும் என்று அவர் சொன்ன பிறகுதான் அதில் முதல் கயிறு கட்டினோம். கீழே மெத்தை, மெத்தைக்குக் கீழே வைக்கோல். இவ்வளவுதான் நம் ஆஸ்தி.

கட்டடம் நமக்குச் சொந்தமில்லை. பெரியவர் ஒருவர், “சும்மாதான கிடக்கு, பிள்ளைகளுக்கு ஆகட்டும்” என்று சாவியைக் கொடுத்தார். எழுத்து கிடையாது, வாடகை கிடையாது. அவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர், பாகம் பிரிக்கிறார்கள், விற்கிறார்கள். “ஆடி கழியவும் காலி பண்ணித் தந்துருங்க சார்” என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒன்பது வருஷம் ஒரு மனுஷனுடைய தயவில் நடந்தது. தயவுக்கும் ஆயுள் உண்டு, அவ்வளவுதான்.

‘சுவர் ஏறுவது ஒரு விளையாட்டா, அது திருடன் வேலையல்லவா’ என்று என்னிடமே கேட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், சிரிக்கிறார் பாருங்கள்.

அண்ணாச்சி, 1964இல் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்று ஒரு உடற்கல்வி விரிவுரையாளர் இருந்தார். என் ஜாதி, பி.டி. ஜாதி. அங்கே வருஷத்தில் பாதி நாள் மழையும் குளிரும். பாறையில் பழக முடியாது. மனுஷன் என்ன செய்தார்? கட்டடத்து நடைபாதைச் சுவரில் செங்கலுக்கு நடுவே கல் துண்டுகளைப் பதித்தார். அங்கிருந்துதான் இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற ஏறுசுவர்க் கூடங்கள் கிளைத்தன. ஆட்கள் நடந்துபோகிற ஒரு சந்தில் பிறந்த விளையாட்டு இது. டோக்கியோவில், 2021இல் நடந்ததே, அந்த ஒலிம்பிக்கில் சேர்த்துக்கொண்டார்கள். 2024இல் பாரிஸில் வேகமாக ஏறும் போட்டியில் தங்கம் யாருக்கு? இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோவுக்கு. 15 மீட்டர் சுவர், நம் கணக்கில் 49 அடி. 4.75 வினாடி. நான் ‘ஐயா’ என்று கூப்பிட்டு நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஏறி மணியை அடித்துவிட்டார். அவர்கள் நாட்டில் சுதந்திர தினமான ஆகஸ்டு 17 அன்று ஊருக்கு ஊர் எண்ணெய் பூசிய மரத்தில் ஏறுவார்கள். நம் கிருஷ்ண ஜெயந்தி வழுக்குமரமேதான், உச்சியில் பரிசு கட்டியிருப்பதுவரை.

அப்படிப் பார்த்தால் ஏறுவதற்கு நாம் யாரிடம் பாடம் கேட்க வேண்டும்? 49 அடிக்கு மேலே உயர்ந்த பனை நம் விளைகளில் எத்தனை நிற்கிறது! காலில் தளைநார் போட்டு, இடுப்பில் அரிவாள்பெட்டியைக் கட்டிக்கொண்டு, விடிவதற்கு முன்னால் தொடங்கி முப்பது நாற்பது மரம் ஏறி இறங்கி, மாலையில் மறுபடியும் அதே மரங்களில் ஏறிய ஆட்கள் இந்தப் பக்கத்தில் இருந்தார்கள். கிட்டங்கியில் முதல் பாடம் எடுக்க நான் கூட்டி வந்ததே ஒரு பனையேறித் தாத்தாவைத்தான். சுவரைப் பார்த்தார், மேலும் கீழும் பார்த்தார். “கையை நம்பாதீக. கை களைச்சுரும். காலை ஊனுங்க, உடம்பு தானா மேல போவும்” என்றார். பின்னால் நான் பட்டியாலாவில் விளையாட்டுப் பயிற்சியாளர் படிப்புப் படித்தவர்களிடமும் கேட்டேன், புத்தகத்திலும் பார்த்தேன். எல்லோரும் அதையேதான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார்கள்.

2021இல் அரசு, ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றது. ரொம்ப நல்ல காரியம். மரத்துக்குப் பாதுகாப்பு வந்தது. ஏறத் தெரிந்தவன்தான் குறைந்துகொண்டே போகிறான். அந்தத் தாத்தாவின் பேரன் எங்கள் சுவரில் ஏறுகிறான், பனையில் ஏறியதில்லை. ஏற வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிழைப்பில் விழுந்து இடுப்பொடிந்தவர்களையும் பார்த்தவன் நான். தாத்தா வயிற்றுக்காக ஏறினார், பேரன் ஆசைக்காக ஏறுகிறான். அதுவே ஒரு முன்னேற்றம் என்று நினைக்கிறவன்.

இன்னொரு கேள்வி. “மேற்கே திரும்புனா மலை நிக்கி. அதுல ஏற வேண்டியதுதான சார், கொட்டகை எதுக்கு?” மலை நிற்கிறது, உண்மை. அது காப்புக்காடு. நினைத்த நேரத்தில் நுழையும் இடமில்லை, நுழையவும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் போனார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். வனத்துறை 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க 40 பாதைகளை முறைப்படி திறந்துவிட்டிருக்கிறது, வழிகாட்டியோடு போகலாம். போக வேண்டும். ஆனால் அது நடை. நான் சொல்வது பிடி. பத்து வயதுப் பிள்ளை பயமில்லாமல் ஆயிரம் தடவை விழுந்து பழக மெத்தை போட்ட ஒரு இடம் வேண்டும். பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார், தமிழ்நாட்டிலிருந்து போன முதல் பெண். தேனிப் பக்கத்தில் பிறந்த ஜோதிராஜ், கர்நாடகத்தில் சித்ரதுர்கக் கோட்டைச் சுவரில் கயிறில்லாமல் ஏறிப் பெயர் வாங்கினார். நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு உடம்பில் அது இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு பேர் போதும். இரண்டு பேருமே ஊரைவிட்டு வெளியே போய்த்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

மல்லர்கம்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மரத்தில் தலைகீழாக நிற்கிற கலை. விழுப்புரத்தில் உலகதுரை என்ற ஒரு ஆசிரியர் பிடிவாதமாகப் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கியதால்தான் இன்றைக்குத் தமிழ்நாட்டில் மல்லர்கம்பம் என்றால் விழுப்புரம் என்கிறோம். இப்போது கேலோ இந்தியா போட்டியில் அதற்கு இடம் இருக்கிறது. 2024 ஜனவரியில் அந்தப் போட்டி தமிழ்நாட்டிலேயே நடந்தபோது சிலம்பத்தையும் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். அதுவரை சிலம்பம் எங்கே இருந்தது? கோயில் திடலில், ஆற்று மணலில், களத்துமேட்டில். இடம் இருந்ததால் கலை தங்கியது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கசக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தொடர் ஓட்டத்துக்கு நாலு பையன்களைப் பொறுக்கச் சொன்னால், அவர்களே ஒருவன் மணிக்கட்டை ஒருவன் பார்த்துக்கொண்டுதான் சேர்ந்து நிற்பார்கள். மணிக்கட்டில் கயிறு. கயிற்றில் நிறம். நிறத்துக்கு ஒரு தெரு. உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து ஒரு மாணவனைக் கூடப் படிக்கிறவர்களே வெட்டினார்கள். அதன்பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், பள்ளிக்கூடத்துக்குள் இந்த வண்ணக் கயிறே கூடாது என்றார். சரியான பேச்சு. அறிக்கை கயிற்றை அவிழ்க்கச் சொல்லும். அவிழ்த்த கைக்கு என்ன வேலை கொடுப்பது? அது நம் பொறுப்பு.

கிட்டங்கிக்கு வந்து பாருங்கள். ஏறுகிற பிள்ளையின் இடுப்பில் வார் கட்டுவோம். அதிலிருந்து கயிறு மேலே போய், விட்டத்து வளையத்தில் நுழைந்து, கீழே இறங்கி, தரையில் நிற்கிற இன்னொரு பிள்ளையின் இடுப்பில் முடியும். மேலே இருப்பவன் கை நழுவினால் கீழே நிற்பவன் பிடித்தாக வேண்டும். பேச்சுக் கிடையாது, கண் எடுக்கக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது. முதல் நாள் எல்லாரும் அவரவர் தெருப் பையனைத்தான் கீழே நிறுத்துவார்கள். ஒரு மாதம் போனதும் கணக்கு மாறிவிடும். எவன் பாரத்துக்குச் சரியாக இருக்கிறான், எவன் கவனமாகப் பிடிக்கிறான் என்று தேடுவார்கள். போன தைமாதம் மேல்வரிசைப் பிடியிலிருந்து ஒருத்தி நழுவினாள். கீழே பிடித்துக்கொண்டிருந்தவள் அரை அடி மேலே தூக்கப்பட்டாள், ஆனால் கயிற்றை விடவில்லை. அந்த இரண்டு பெண்களின் அப்பன்மார்களும் ஒரு வாய்க்கால் தகராறில் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஒருவர் வந்து, வாசலில் நின்று, “அந்தப் பிள்ள யாரு சார்?” என்று கேட்டார். நான் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் மகளை அனுப்பினார். எனக்கு அது போதும்.

இதனால்தான் இடப் பிரச்சினை லேசாகத் தீரவில்லை. ஊரில் இடத்துக்கா பஞ்சம்? விஷயம் தெரிந்ததும் நாலு பேர் பெரிய மனதோடு வந்தார்கள். “எங்க மண்டபத்துல வச்சுக்கிடுங்க சார்.” “எங்க சாவடிக்குப் பின்னால காலி மனை கெடக்கு.” கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு மண்டபத்துக்கும் ஒரு ‘எங்க’ இருக்கிறது. அந்த ‘எங்க’வுக்குள் நுழையும்போது வேறு தெருப் பிள்ளையின் தலை தானாகக் குனிகிறது, செருப்பு வாசலில் தயங்குகிறது. கிட்டங்கிக்கு அது இல்லாமல் இருந்தது. பருத்திக்கு ஏது தெரு?

எனவே பேரூராட்சியிடம் கேட்கிறோம். ஊர்ப் பொதுவில் நிற்கிற ஒரு கூரை. முப்பதுக்கு நாற்பது அடி, இருபதடி உயரம், ஒரு உறுதியான விட்டம். புதிதாகக் கட்டித் தரச் சொல்லவில்லை. பயன்படாமல் கிடக்கிற அரசுக் கட்டடம் ஒன்று இருந்தால் ஓடு மாற்றுவது முதல் வெள்ளை அடிப்பதுவரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். வாடகையும் தருகிறோம். இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்குமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் பச்சை வர்ணம் அடித்திருப்பார்களே, அந்த இடம். தரையில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான் பச்சையாக நிற்கும். அப்படி ஒரு துண்டு கிடைத்தாலும் போதும்.

ஆனால் எது தந்தாலும் வாய்வார்த்தையாகத் தராதீர்கள். பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டு, பதிவேட்டில் ‘பயிற்சிக்கூடம்’ என்று எழுதித் தாருங்கள். நல்ல மனிதர் ஒருவர் சாவி கொடுத்து, அவர் போன பிறகு நாற்பது பிள்ளைகள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பது ஒரு தடவை போதும். எனக்கும் அறுபத்து நாலு. அடுத்த தடவை மெத்தை தூக்க நான் இருப்பேனோ என்னவோ.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிட்டேன் ஐயா.

மேடைக்கு இடது பக்கம் மேசையில் மனு இருக்கிறது. வரும் பேரூராட்சி மன்றக் கூட்டத்துக்கு முன்னால் கொடுக்க வேண்டும். எல்லாத் தெருக்காரர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுங்கள், தெருவுக்கு ஒரு தாள் என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். அதை மட்டும் யாரும் அவிழ்த்துக்கொண்டு போக வேண்டாம்.