நூறு பக்க அறிக்கை: பேஜ்மேக்கரா, வேர்டா?

(மூங்கில்துறைப்பட்டில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

கையில் போனோடு வந்திருக்கீங்க. நல்லது. நாம் பேசப்போவதும் அந்தப் போனில் திறக்க வேண்டிய ஒரு கோப்பைப் பற்றித்தான்.

மூங்கில்துறைப்பட்டு என்றாலே கூட்டுறவு சர்க்கரை ஆலை ஞாபகம் வரும். இங்கே பத்து விவசாயிகள் சேர்ந்து ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்குறீங்க என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை வேணும். பாசனம், இயந்திரம், செலவு என்று அட்டவணைகளோடு நூறு பக்கம் வருது. டிடிபி கடையில் பேஜ்மேக்கரில் அடித்துத் தர்றாங்க. பிரிண்ட் எடுத்தால் அழகா இருக்கு.

வங்கியில் பார்த்துட்டு, "இயந்திர விலையை மாத்துங்க, ரெண்டு பக்கம் விளக்கம் சேருங்க" என்கிறார்கள். அங்கேதான் சிக்கல். பின்னால் உள்ள பக்க எண்கள் எல்லாம் நகருது. பொருளடக்கத்தைக் கையால் அடித்திருந்தால், ஒவ்வொரு வரியையும் திருத்தணும். ஒன்று விட்டுப்போனாலும் அறிக்கை தவறு. கோப்போ கடைக் கணினியில் இருக்கு. உங்க போனில் திறக்காது.

இன்னொன்று. பேஜ்மேக்கர் 1985-ல் வந்தது. கடைசிப் பதிப்பு 2001-ல் வந்த 7. அதற்கு யூனிகோடு தெரியாது. அதனால் பழைய எழுத்துருவில்தான் தமிழ் அடிக்கணும். அதை பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். ஆனால் 'கரும்பு' என்று தேடினால் கிடைக்காது. நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமா வரும். பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் செயலியும் அதில் தடுமாறும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடு முறையை ஏற்று ஆணை வெளியிட்டது. நம் அறிக்கையும் அதிலேயே இருக்கட்டும்.

வேர்டு, அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் ரைட்டர், இந்த வேலைக்குப் பொருத்தம். ஒரு நிபந்தனை: தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது. 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்ற பாணியைக் கொடுக்கணும். கொடுத்துவிட்டால் பொருளடக்கத்தை மென்பொருளே எடுத்துக்கொள்ளும். எத்தனை பக்கம் சேர்த்தாலும் 'அப்டேட்' என்று ஒரு தடவை சொன்னால் எண்கள் சரியாகிடும். அடுத்த பக்கம் போக என்டரைத் தட்டிக்கொண்டே போகாதீங்க. கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒரு தடவை அழுத்தினால் போதும்.

அப்போ டிடிபி வேண்டாமா? அப்படிச் சொல்லலை. கல்யாணப் பத்திரிகை, துண்டறிக்கை, படங்கள் நிறைந்த மலர் இதற்கெல்லாம் அதுதான் சரி. எதை எங்கே வைக்கணும் என்பது அங்கே முக்கியம். இன்டிசைன் போன்ற புதிய மென்பொருள்களில் யூனிகோடும் உண்டு, நீண்ட புத்தகமும் செய்யலாம். ஆனால் அதற்குச் சந்தா கட்டணும், பழகியவரும் வேணும். திருத்தம் எல்லாம் முடிந்த பிறகு, புத்தகமாக அச்சடிக்கும்போது அங்கே போகலாம்.

அடுத்த தடவை கடைக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்க: யூனிகோடில் அடிக்கிறீங்களா? தலைப்புகளுக்குப் பாணி கொடுப்பீங்களா? பிடிஎஃப் மட்டும் இல்லாமல், திருத்தக்கூடிய கோப்பையும் தருவீங்களா?

காசு கொடுத்து அடித்தது நீங்க. கோப்பும் உங்க கையில் இருக்கட்டும்.