வாசற்கதவில் நோட்டீஸ் ஒட்டுமுன்

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



விதை, உரம், பூச்சிமருந்து என்று கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்றைக்குத் தபாலில் வரும் ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு கரும்பு விவசாயி. வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்து வங்கியில் கடன் வாங்கி, ஆழ்குழாய்க் கிணறு போட்டார். தண்ணீர் வரவில்லை. தவணை நின்றது. தபால் வந்தது. மனுஷர் அதைப் பிரிக்காமலே எரவாணத்தில் செருகிவிட்டார். ஏனய்யா என்றால், "பிரிச்சா மட்டும் பணம் வந்துடுமா?" என்றார். அந்தக் காகிதத்துக்குள்ளே அவருக்கு 60 நாள் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

2002-ல் வந்த சர்ஃபாசி சட்டப்படி, வங்கி கோர்ட்டில் வழக்குப் போடாமலே ஈடு வைத்த வீட்டை எடுத்து ஏலம் விடலாம். கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்த அதிகாரம் உண்டு என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் முதலில் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அந்த 60 நாளுக்குள் உங்கள் ஆட்சேபணையை எழுதிக் கொடுங்கள். வரவு வைக்காத ரசீது, கணக்கில் வித்தியாசம், எல்லாவற்றையும் எழுதலாம். ஏற்க முடியாது என்றால், காரணத்தோடு 15 நாளில் வங்கி பதில் தர வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வந்தால் எடுபடாது. போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தில் எடுக்க முடியாது. ஆனால் பட்டாவில் புஞ்சை என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் சாகுபடி நடக்க வேண்டும். அசலும் வட்டியும் சேர்த்துப் பார்க்கையில் பாக்கி 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும் இந்த நடவடிக்கை செல்லாது. வட்டிக்கு விடும் தனியார் ஆள் வந்து வீட்டைப் பூட்டுவேன் என்றால், அவருக்கு இந்தச் சட்டமே கிடையாது. அவர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

சரி, 60 நாளும் போய், கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அப்புறம்? அன்றிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் இருக்கிறது. நம்ம கரும்புக்காரர் இங்கேதான் தவறினார். யாரோ சொன்னதைக் கேட்டு முன்சீப் கோர்ட்டுக்கு அலைந்து 20 நாளைத் தொலைத்தார். இந்த விஷயத்தில் முன்சீப் கோர்ட் தடை கொடுக்க முடியாது. சட்டமே அதைத் தடுக்கிறது.

"தீர்ப்பாயம், வக்கீல் என்றால் காசுக்கு எங்கே போவேன்?" என்பீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா கோர்ட்டில் வட்டக் குழு இருக்கிறது. 1987-ஆம் வருஷச் சட்டப்படி அமைந்தவை. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வெள்ளம், வறட்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தீர்ப்பாய வழக்குக்கும் இந்த உதவி கிடைக்கும். பத்திரத்தில் வீட்டுக்காரம்மா பெயர் இருந்தால், அவர்களே போய் மனுக் கொடுக்கட்டும். கூச்சம் வேண்டாம், தாய்மார்களே, இது தர்மம் இல்லை, உங்கள் உரிமை.

கரும்புக்காரர் 38-ஆம் நாள்தான் அங்கே போனார். குழு கொடுத்த வக்கீல் 44-ஆம் நாள் மதுரையில் மனுவைத் தாக்கல் செய்தார். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி ஏலத்தை நிறுத்தினார்கள். இரண்டு மாட்டை விற்றுக் கட்டினார். பிறகு மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தவணை பிரித்துக்கொண்டார். வட்டியில் கொஞ்சம் குறைந்தது, அசல் குறையவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அப்பீல் கிடையாது. அதனால் கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அவர் மாட்டுக்கொட்டில் இன்னும் காலிதான்.

முழுத் தொகையையும் கட்டி மீட்பதென்றால், 2016-க்குப் பிறகு ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் அவகாசம். ஏலத்தன்று பணத்தோடு போய் நிற்பேன் என்று இருக்காதீர்கள்.

போகும்போது நோட்டீஸ், அது வந்த உறை (தேதி முத்திரை அதில்தான் இருக்கும்), கடன் பாஸ்புத்தகம், கட்டிய ரசீதுகள், ரேஷன் கார்டு நகல் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள், சொல்வார்கள். வாசலில் நின்று "நான் முடிச்சுத் தர்றேன், இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று வெற்றுத்தாளை நீட்டுகிறவரிடம் மட்டும் பையைக் கொடுத்துவிடாதீர்கள்.