முதுகுத்தண்டுக் காயமும் நரம்பைச் சுற்றிய வலையும்



உடலியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் பலர் கேட்பதுண்டு: "கையில் அறுந்த நரம்பைத் தைத்தால் மெள்ளச் சரியாகிறதே, முதுகுத்தண்டில் அடிபட்டால் மட்டும் ஏன் கால் வருவதில்லை?"

காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, நரம்பைச் சுற்றியிருக்கும் பொருள். நரம்பு செல்களுக்கு நடுவே சர்க்கரையும் புரதமும் சேர்ந்த ஒரு பசை உண்டு. சில செல்களின் மேல் அது வலைபோல் இறுகியிருக்கும். இத்தாலிய விஞ்ஞானி கமில்லோ கோல்ஜி 1890களிலேயே இந்த வலையை வர்ணித்துவிட்டார். நாம் வளர வளர அது இறுகி, கற்ற இணைப்புகளைக் காக்கிறது. ஆனால் தண்டுவடத்தில் அடிபட்டால் அங்கே அந்தப் பசையின் சில வகைகள் மேலும் குவிந்து, புதிய நரம்பு இழைகளுக்கு வழிவிடுவதில்லை.

2002-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் எலிசபெத் பிராட்பரி குழுவினர், அடிபட்ட எலிகளுக்குக் காண்ட்ராய்டினேஸ் என்ற என்ஸைமைச் செலுத்தினார்கள். பாக்டீரியாவிலிருந்து எடுத்த அது பசையைக் கரைத்தது. எலிகளின் நடை தேறியது. 2018-இல் கால் செயலிழந்த 60 வளர்ப்பு நாய்களிடம் சோதித்தபோது, முன்னங்கால் பின்னங்கால் ஒத்திசைவு ஓரளவே கூடியது. மனிதருக்கு இது இன்னும் அங்கீகாரம் பெற்ற சிகிச்சையல்ல.

எனக்கு முக்கியமாகப் படுவது 2009-இல் கேம்பிரிட்ஜில் கண்டது. என்ஸைமோடு, முன்னங்காலால் இரை எடுக்கும் பயிற்சியும் பெற்ற எலிகள் அந்த வேலையில் நன்கு தேறின. என்ஸைமோடு பொதுவாக ஓடியாடும் பயிற்சி பெற்றவைக்கு நடை தேறியது. இரை எடுக்கும் திறனோ குறைந்தது. அதாவது, மருந்து வழியைத்தான் திறக்கிறது. எந்த இணைப்பு நிலைக்கும் என்பதைப் பயிற்சி தீர்மானிக்கிறது.

ஆகவே நம் குடும்பங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், "மருந்து வரட்டும், பார்க்கலாம்" என்று பிஸியோதெரபியை நிறுத்திவிடாதீர்கள். மூட்டு இறுகி, தசை சுருங்கிவிட்டால் நாளை வரும் மருந்தும் முழுப் பலன் தராது. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு நடக்க வைப்பதாகச் சொல்லும் விளம்பரங்களையும் நம்பவேண்டாம்.

1965-இல் எவரெஸ்ட் ஏறிய மேஜர் அலுவாலியா, அதே ஆண்டு யுத்தத்தில் குண்டடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தார். பின்னாளில் டில்லியில் முதுகுத்தண்டுக் காயத்துக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். கால் வராவிட்டாலும் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை.