எழுத்தும் அடியும் இருப்பும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



கவிஞர்கள் நிறைந்த அவையில் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் கவிஞன் அல்லன். இணையத் தளங்களை அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஒரு காலத்தில் கவிஞர் எழுதுவார், அச்சுக்கோப்பவர் கோப்பார். அந்த அச்சுக்கோப்பவரின் இடத்தில் இன்று என்னைப் போன்றவர்கள் அமர்ந்திருக்கிறோம். கவிதையின் நயத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல அவருக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். ஆனால், எந்த எழுத்து தேய்ந்துவிட்டது, எந்த வரி தாளின் ஓரத்தில் மடங்குகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அந்த அளவில் மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, எழுத்து.

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாட்டையே குறியேற்றம் என்கிறோம். 1990களில் தமிழுக்கு அத்தகைய பொது உடன்பாடு இல்லை. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமக்கு உகந்த வரிசையை வைத்துக்கொண்டனர். ஒருவர் அனுப்பிய கவிதையைப் படிக்க, அவர் பயன்படுத்திய எழுத்துருவே மற்றவரிடமும் இருக்க வேண்டும். இல்லையேல் பொருளற்ற உரோமன் எழுத்துகள்தாம் திரையில் தோன்றும்.

ஆயினும் தமிழ் காத்திருக்கவில்லை. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையம் ஏறியபோது, எழுத்தாளர் நா. கோவிந்தசாமி போன்றோரின் உழைப்பால் தமிழும் அவற்றுள் ஒன்றாக நின்றது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் கைகளால் நம் இலக்கியங்களை ஒவ்வொன்றாக மின்னுருவாக்கியது. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் ஒழுங்கு தேடியது. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1991இல் முதல் பதிப்பு கண்ட ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இல் ஏற்றுக்கொண்டது.

ஒருங்குறியிலும் ஒரு வேடிக்கை உண்டு. நம் இலக்கணத்தில் மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கிறது. ஒருங்குறியிலோ அகரம் ஏறிய ககரமே அடிப்படை. அதன்மேல் புள்ளி வைத்து உயிரை நீக்கினால்தான் மெய் கிடைக்கும். ஆகவே 'நன்றி' என்ற சொல்லில் நீங்கள் 3 எழுத்துகளைக் காண்கிறீர்கள். கணினி 5 குறிகளைக் காண்கிறது. இணையத்தில் வழக்கமாகச் சேமிக்கப்படும் முறையில் அதுவே 15 பைட் ஆகிறது. எழுத்தெண்ணிப் பாடிய மரபில் வந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் நிரல் எழுதுபவன் இதை மறந்தால், கவிதைத் தலைப்பைச் சுருக்கும்போது புள்ளி ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாக வெட்டுப்பட்டு நிற்கும்.

இரண்டாவது, அடி.

வையவிரிவு வலையை 1989இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்சு லீ முன்மொழிந்தது, அறிவியலாளர் தம் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதற்காக. அதற்காக அவர் வகுத்த எச்டிஎம்எல் மொழியில் ஒரு விதி உண்டு. நீங்கள் எத்தனை இடைவெளி விட்டாலும், எத்தனை முறை வரியை உடைத்தாலும், அவை அனைத்தும் சேர்ந்து ஒரே ஓர் இடைவெளியாகிவிடும். வரி எங்கே முடிய வேண்டும் என்பதைப் படிப்பவரின் திரை அகலமே முடிவு செய்யும். கட்டுரைக்கு இது நல்ல ஏற்பாடு. கவிதைக்கு? ஒவ்வோர் அடியின் முடிவிலும் 'இங்கே உடை' என்று தனியே ஆணையிட்டாலன்றி, உங்கள் கவிதை உரைநடையாக உருகிவிடும்.

இது புதிய துன்பமன்று. ஓலைச்சுவடியிலும் பாடல்கள் அடி பிரிக்கப்படாமல் தொடர்ந்தே எழுதப்பட்டன. புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. ஆயினும் வெண்பா பிழைத்தது. ஏன்? நேரிசை வெண்பாவை ஒரே வரியாக எழுதினாலும், எதுகையும் தளையும் தனிச்சொல்லும் 15 சீர்க் கணக்கும் அடி முடியும் இடத்தைக் காதுக்குக் காட்டிக் கொடுத்துவிடும். யாப்பு என்பது அழகு மட்டுமன்று, அது கவிதை தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் வழியும் ஆகும்.

புதுக்கவிதைக்கு அந்த வேலி இல்லை. அதன் அடி பெரும்பாலும் கண்ணை நம்பியே நிற்கிறது. ஒரு சொல்லைத் தனி வரியில் நிறுத்திக் கவிஞர் பெற்ற மௌனம், கைப்பேசிக்குக் கைப்பேசி நகலாகும்போது ஒரு வெற்றிடமாகிக் காணாமல் போகிறது. பிறகு எந்தப் புலவராலும் அதை மீட்க இயலாது. கைப்பேசியின் குறுகிய திரையில் நீண்ட அடி மடங்கும்போது, அது கவிஞர் உடைத்த வரியா, திரை உடைத்த வரியா என்று வாசகர் அறிய வழியில்லை. மடங்கிய பகுதியைச் சற்று உள்தள்ளிக் காட்டும் பழைய அச்சு வழக்கத்தைத் திரையிலும் பின்பற்றலாம். இது ஒரு வரி ஆணையில் முடியும் வேலை. உங்கள் கவிதையை வெளியிடுபவரிடம் இதைக் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை.

மூன்றாவது, இருப்பு.

இணையத்தில் போட்டுவிட்டால் என்றும் இருக்கும் என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. ப்யூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. தனிமனிதர்கள் ஆசையோடு கட்டிய இலட்சக்கணக்கான பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டீஸ், 2009 அக்டோபரில் மூடப்பட்டது. 1996இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம் போன்றவை அள்ளிக்கொண்டவை எஞ்சின; மற்றவை போயின. நம் வட்டத்தின் வயதும் பத்து என்பதை நினைத்துக்கொண்டே இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

பக்கம் அழிவது ஒருபுறம்; பெயர் அழிவது மறுபுறம். நல்ல கவிதை கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போகிறது. மூன்றாம் கையில் கவிஞரின் பெயர் உதிர்கிறது. ஐந்தாம் கையில் வேறொருவர் பெயர் ஒட்டிக்கொள்கிறது. சங்கப் பாடல்களிலும் புலவரின் பெயர் தெரியாதவை உண்டு. தொகுத்தோர் என்ன செய்தனர்? பாடலில் இருந்தே ஒரு தொடரை எடுத்து, செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பெயரிட்டனர். பெயர் தெரியாதவிடத்தும் ஒருவர் பாடினார் என்பதை அவர்கள் மறக்கவில்லை. கையிலுள்ள பெயரை வெட்டி எறிந்துவிட்டுப் பகிரும் நாம் அவர்களிடம் கற்க வேண்டியது இருக்கிறது.

இனி, வட்டத்துக்கு என் வேண்டுகோள். பத்தாண்டுகளில் நாம் வெளியிட்ட தொகுப்புகளில் சில, பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகி, 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்ட பேஜ்மேக்கர் கோப்புகளாக அச்சகங்களில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கும் கணினிகள் குறைந்துவருகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு கவிதையோடும் தலைப்பு, கவிஞர் பெயர், எழுதிய ஆண்டு ஆகியவை ஒரே கோப்பில், எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய வெற்றுரையாக இருக்க வேண்டும். வெவ்வேறு ஊர்களில் மூன்று படிகள் வேண்டும். நான்காவது படி தாளில் இருக்கட்டும்.

மாற்றும் வேலையை நிரல் செய்துவிடும். ஆனால் பழைய எழுத்துருவில் ஒரே வடிவில் நின்ற காலையும் ரகரத்தையும் அது மயங்கலாம். வரி உடைவை விழுங்கலாம். எனவே அச்சுப் பக்கத்தை அருகில் வைத்து, மனிதக் கண் ஒப்பிட்டே ஆக வேண்டும். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்குச் சுவடிகளே முதன்மைத் துணை. இது சரியா என்று கேட்பதற்குத் திருத்தக்கதேவர் எதிரில் இல்லை. நமக்கோ அந்தக் குறை இன்னும் வரவில்லை. கவிதைகளை எழுதியவர்கள் இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். இந்த அடி எங்கே முடிகிறது என்று அவர்களையே கேட்டு மெய்ப்புத் திருத்தலாம். பதினைந்தாம் ஆண்டு விழாவுக்கு அதை ஒத்திவைக்க வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்திலேயே தொடங்குவோம். கணினியோடு நான் வருகிறேன். நீங்கள் உங்கள் புத்தகங்களோடு வாருங்கள்.