யார் தலைவர்?



அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறிப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 3,550 படிகள். ஊரிலிருந்து குழுவாக வருவார்கள். ஒருவர் முன்னே ஏறுவார். வயதான அம்மா மூச்சு வாங்கி உட்கார்ந்தால் அவரும் நிற்பார். தண்ணீர் கொடுப்பார். எல்லோரையும் மேலே கொண்டு சேர்ப்பார். யாரும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் அந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

திருப்பதிக்குப் பக்கத்தில் நெல்லூர் மாவட்டம். அங்கே துபகுண்டா என்று ஒரு கிராமம். 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு வகுப்பு நடந்தது. உழைக்கும் பெண்கள் படிக்க வந்தார்கள். பாடப் புத்தகத்தில் சீதம்மா கதை இருந்தது. சாராயத்தால் ஒரு குடும்பம் படும் பாட்டைச் சொல்லும் கதை அது. படித்த பெண்களுக்கு அது தங்கள் வீட்டுக் கதையாகவே தெரிந்தது.

என்ன செய்வது? ஒருத்தி மட்டும் கேட்டால் வீட்டில் அடி விழும். கடைக்காரர் விரட்டுவார். அதனால் எல்லோரும் சேர்ந்து போனார்கள். ரோசம்மா என்ற பெண் முன்னே நின்றார். அவரிடம் பணம் இல்லை, பதவி இல்லை. துணிவு இருந்தது. ஊரில் சாராயக் கடை மூடப்பட்டது.

இந்த வெற்றி அடுத்த புத்தகத்தில் பாடமாக வந்தது. அதைப் படித்து மற்ற ஊர்ப் பெண்களும் எழுந்தார்கள். 1992-இல் சாராயக் கடை ஏலத்தைத் தடுத்தார்கள். அப்போது திருப்பதியும் சேர்ந்திருந்த சித்தூர் மாவட்டத்துக்கும் போராட்டம் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது.

எல்லா ஊருக்கும் ரோசம்மாவா போனார்? இல்லை. அந்தந்த ஊரில் ஒரு பெண் முன்னே வந்தார். ஒரு தலைவர் பல தலைவர்களை உண்டாக்கினார். இதுதான் தலைமையின் பெரிய வேலை.

இன்னொன்றும் உண்டு. 1997-இல் முழு மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அரசுக்கு வருமானம் போகிறது என்று காரணம் சொன்னார்கள். ரோசம்மா 2016-இல் காலமானார். போராடிப் பெற்றதைக் காப்பாற்றவும் ஆட்கள் வேண்டும். ஒருவரையே நம்பி மற்றவர்கள் ஓய்ந்துவிடக் கூடாது.

உங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லையா? ரேஷன் கடையில் எடை குறைகிறதா? யாராவது வருவார் என்று காத்திருக்காதீர்கள். நாலு பேரைக் கூட்டுங்கள். எல்லோர் சொல்வதையும் கேளுங்கள். மனு எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

இப்போதுதான் உங்களுக்கு எழுதத் தெரியுமே!