கல்குடா முதல் வெருகல் வரை



கல்குடா என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது கடல். வெண்மணற் கரையும், அலையடங்கிய குடாவும், அடுத்திருக்கும் பாசிக்குடாவின் ஆழமில்லாத நீர்ப்பரப்பும் நாடறிந்தவை. ஆயினும் கல்குடாவுக்கு வருவோருள் கடலுக்கு முதுகு காட்டி மறுபுறம் நோக்குவோர் மிகச் சிலரே. அப்படி நோக்குவோருக்கு ஒரு காட்டு வழி காத்திருக்கின்றது. வாழைச்சேனை, ஓட்டமாவடி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என ஊர்களைக் கோத்துக்கொண்டு சென்று வெருகல் ஆற்றங்கரையில் முடியும் அவ்வழி, 50 முதல் 60 கிலோமீற்றர்த் தூரம் உடையது. அவ்வழியே துவிச்சக்கர வண்டியிற் செல்வதைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணியுள்ளேன்.

மோட்டார் வண்டியில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய தூரத்தை ஒரு பகல் முழுவதும் மிதித்துச் செல்வானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடை இதுதான்: இவ்வழியில் அறிய வேண்டுவன போரின் சுவடுகள். கோட்டை கொத்தளங்களைப் போல அவை தூரத்திலிருந்தே கண்ணிற்படுவன அல்ல. கடல் மூடியவை சில, காடு மூடியவை சில. எஞ்சியவை மக்களின் நெஞ்சில் இருக்கின்றன. விரைந்து செல்பவனுக்கு இருபுறமும் மரமும் புல்வெளியுமே தெரியும். இறங்கி நின்று ஒரு வாய் தண்ணீர் கேட்பவனுக்கே இந்நிலத்தின் கதை தெரியவரும்.

துவிச்சக்கர வண்டிக்கும் போருக்கும் உள்ள தொடர்பு சிறியதன்று. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் மலாயாவில் இறங்கிய யப்பானியப் படையினர், ஆயிரக்கணக்கான துவிச்சக்கர வண்டிகளில் ஏறித் தெற்கு நோக்கி விரைந்தனர். அவற்றுட் பல அந்நாட்டு மக்களிடமிருந்தே பறிக்கப்பட்டவை. சில்லுகளின் ரப்பர் கிழிந்தபோது வெறும் இரும்பு வளையங்களின் மீதே அவர்கள் ஓட்டிச் சென்றனர் என்றும், இரவில் அவ்வோசையைக் கேட்ட பிரித்தானியப் படையினர் கவச வாகனங்கள் வருகின்றன என்று மயங்கினர் என்றும் கூறுவர். நம்மவர் இரத்தத்தை வியர்வையாகச் சிந்திய ரப்பர்த் தோட்டங்களின் ஊடாகவே அப்படை சென்றது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

அதன்பின் இரண்டு மாதங்கள் நிறைவதற்குள் போர் நம் கடலுக்கு வந்துவிட்டது. ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலையைத் தாக்கின. அத்தாக்குதல் வருமென அஞ்சி முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றிருந்தது ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பெற்ற முதற் கப்பல் அது. அன்று அதில் விமானம் ஒன்றுகூட இருக்கவில்லை. திருகோணமலைக்குத் திரும்பிக் கொண்டிருந்த வேளையில், மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் 80க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் அதனையும் துணைக் கப்பலையும் தேடி வந்தன. சில நிமிட நேரத்துள் ஹேர்மிஸ் மூழ்கியது. அதன் தலைவர் உட்பட 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். துணைக்கு வந்த ‘வாம்பயர்’ என்னும் அவுஸ்திரேலியக் கப்பலும் உடன் மூழ்கியது. ‘வீற்றா’ என்னும் வைத்தியக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து மீட்டது. அதே நாளில் மூழ்கடிக்கப்பட்ட ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்னும் எண்ணெய்க் கப்பல், கல்குடாவையும் பாசிக்குடாவையும் அடுத்த கடலின் அடியில் இன்றும் கிடக்கின்றது. கல்குடாக் கரையில் நின்று வண்டியைத் திருப்புமுன் அக்கடலை ஒருமுறை நோக்குவது நன்று.

இனிப் பயணத்தைத் தொடங்குவோம். விடியுமுன் புறப்படல் வேண்டும். மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் வெள்ளமும் வழியை மறிக்கும். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலை அள்ளி வந்து முகத்தில் வீசும். கல்குடாப் புகையிரத நிலையத்தைத் தாண்டினால் வாழைச்சேனை. 1950களில் தொடங்கப்பெற்று, வைக்கோலைக் காகிதமாக்கிய பெருமையுடைய ஆலை அங்கே உண்டு. அடுத்து ஓட்டமாவடி. புகையிரதமும் வீதி வாகனங்களும் ஒன்றுக்கொன்று காத்திருந்து ஒரே தடத்திற் சென்ற பழைய இரும்புப் பாலத்தின் அருகில் இன்று புதிய பாலம் நிற்கின்றது. பாலத்தைக் கடந்தபின் திருகோணமலை வீதி வடக்கே பிரிகின்றது. அங்கிருந்துதான் காடு நம்மை ஏற்றுக்கொள்கின்றது.

பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடு ஒருபுறம். கண்டல் சூழ்ந்த களப்பு மறுபுறம். பனிச்சங்கேணியில் களப்பின் மேலாகப் பாலத்தைக் கடக்கும்போது, கழுத்தளவு நீரில் நின்று வலை வீசுவோரைக் காணலாம். வாகரைப் பகுதியில் தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கின்றனர். தேன் எடுப்பதும் மீன் பிடிப்பதும் அவர்தம் தொழில்கள். காட்டையும் கடலையும் ஒருங்கே அறிந்த மக்கள் அவர்கள்.

இத்தகைய அமைதியான நிலத்தின் மீது அண்மைக் காலத்தில் எத்தனை துன்பங்கள் வந்து விழுந்தன! 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, விடுதலைப் புலிகள் இயக்கம் இரண்டாகப் பிளந்து வெருகல் ஆற்றங்கரையில் தமக்குள்ளே போரிட்டது. ஹேர்மிஸ் மூழ்கியதும் ஏப்ரல் 9ஆம் நாளே என்பதை நினைக்கையில் மனம் ஒரு கணம் திகைக்கின்றது. அதே ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களை வாரிச் சென்றது. 2006ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டது. நவம்பர் மாதத்தில் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்த ஏதிலிகள்மீது எறிகணைகள் விழுந்து 40க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2007 ஜனவரியில் வாகரை அரச படையினர் வசமாகியது. பல்லாயிரக் கணக்கான மக்கள் காட்டு வழியாகவும் களப்பு வழியாகவும் கால்நடையாய்த் தெற்கே நடந்தனர்.

கிரானிலிருந்து மேற்கே நோக்கினால் காட்டின் நடுவே ஒரு தனிக் குன்று தெரியும். குடுமியைப் போன்று உச்சி எழுந்து நிற்பதால் நம்மவர் அதனைக் குடும்பிமலை என்றனர். சிங்கள மக்கள் தொப்பிகல என்றனர். ஆங்கிலேயரும் அதில் ஒரு பிரபுவின் தொப்பியையே கண்டனர். 2007 ஜூலை 11இல் அதுவும் அரச படையினர் கைக்கு வந்தது. ஒரே குன்றை ஒருவர் குடுமியாகவும் மற்றவர் தொப்பியாகவும் காண்பது போலவே, அங்கு நிகழ்ந்த போரையும் ஒருவர் வெற்றி என்பார், மற்றொருவர் இழப்பு என்பார். வழிப்போக்கன் இரண்டையும் செவிமடுக்கக் கடமைப்பட்டவன்.

இங்கே துவிச்சக்கர வண்டியின் பெருமையை மீண்டும் கூற வேண்டும். மலாயாவில் அது படையினரின் ஊர்தி. நம் நாட்டிலோ போர்க்காலத்தில் அது குடிமக்களின் ஊர்தி. எரிபொருளுக்குத் தடையும் தட்டுப்பாடும் நிலவிய ஆண்டுகளில் விறகும் நெல்லும் மீனும் அதன்மீதே ஏறின. நோயாளியைப் பின்னால் இருத்தி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் அதுவே. சோதனைச் சாவடி வந்ததும் இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு நடந்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கின்றது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் மின்கலமும் இல்லாத காலத்தில், கவிழ்த்து வைத்த வண்டியின் சில்லைச் சுற்றி, அதன் டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தால் மக்கள் வானொலி கேட்டனர். இன்று சுவிட்சைத் தட்டியவுடன் இந்தப் பேச்சைக் கேட்கும் நாம், ஒரு செய்திக்காகக் கை ஓயச் சில்லைச் சுற்றியவர்களை மறத்தல் ஆகாது.

ஆகவே கதிரவெளியிலோ வாகரையிலோ நீங்கள் துவிச்சக்கர வண்டியில் வந்திறங்கினால், அவ்வூர் மக்களுக்கு நீங்கள் முற்றும் அந்நியர் அல்லீர். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் புழுதி எழுப்பிச் செல்பவரைப் பார்க்கும் பார்வை வேறு. வியர்த்து நின்று நிழல் தேடுபவரைப் பார்க்கும் பார்வை வேறு. “எங்கிருந்து வாறியள்?” என்று அவர்களே முதலிற் கேட்பர். அதற்கு விடை கூறுங்கள். வேளாண்மையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுங்கள். போரைப் பற்றி நீங்களாகக் கேளாதீர்கள். சொல்ல விரும்புவோர் தாமே சொல்வர். சொல்லாதிருப்பதும் ஒருவரது உரிமையே. இடிந்த வீட்டின் முன் நின்று படம் எடுக்குமுன், அவ்வீட்டார் அயலிலே இருக்கின்றனரா என்று பாருங்கள்.

எச்சரிக்கையாகச் சிலவற்றையும் கூறிவிடுகின்றேன். 2017ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இருப்பினும் பழைய போர்க்களங்களில் வழக்கமான தடத்தை விட்டுக் காட்டுக்குள் நுழைவதும், அறியாத இரும்புத் துண்டைக் கையால் தொடுவதும் அறிவுடைமை அல்ல. பொழுது சாயுமுன் ஊரை அடைந்துவிடுங்கள். மாலையில் வீதி யானைகளுக்கு உரியது. இரண்டு போத்தல் தண்ணீரும், சில்லு ஒட்டும் பொருள்களும், காற்றடிக்கும் பம்பும் துணையாக இருக்கட்டும்.

வெருகலை அடைந்ததும் ஆற்றங்கரையில், சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் அருகே, சற்று அமருங்கள். மகாவலியின் கிளையாகிய அந்த ஆறு எத்தனையோ தோணிகளைக் கண்டது. அடியார்களை ஏற்றியவையும் ஆயுதம் தாங்கியவரை ஏற்றியவையும் அவற்றுள் உண்டு. ஹேர்மிஸ் கப்பலோடு மறைந்தவர்களின் பெயர்கள் இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. இக்காட்டு வழியில் மறைந்த ஊர்மக்களுட் பலரின் பெயர்கள், அவர்களைப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் சொல்லும் சொல்லிலேயே வாழ்கின்றன. கல்லில் உள்ளதை எப்போது சென்றாலும் படிக்கலாம். சொல்லில் உள்ளதைச் சொல்வோர் இருக்கும் காலத்திலேயே கேட்டாக வேண்டும். நம் இளைஞர்கள் அடுத்த விடுமுறையில் வண்டியை எடுத்துக்கொண்டு அவ்வழியே மெல்லச் சென்று வருவார்களாக.